ஈபி பில் எதனால ஏறுது? உங்க வீட்டு மீட்டரை நீங்களே படிச்சுக் கண்டுபிடிக்கிற வழி

2023-ல பிப்ரவரி மார்ச்சுக்கு எங்க வீட்டு பில்லு 290 யூனிட், 630 ரூபா. அடுத்த பில்லு ஏப்ரல் மே, 536 யூனிட், 2238 ரூபா. மொதல்ல மீட்டர்ல ஏதோ கோளாறுன்னுதான் நினைச்சேன், என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுல யாரோ நம்ம லைன்ல இழுக்கிறாங்கன்னு சொன்னாரு, அத்தை ஃபோன்லயே "நீ மிக்ஸிய அவ்ளோ நேரம் ஓட்டுற பாரு"ன்னாங்க. மூணு பேர் சொன்னதும் தப்பு. யூனிட் ரெண்டு மடங்கு கூட ஆகல, பணம் மட்டும் மூணரை மடங்கு ஆயிடுச்சு, அது எப்படின்னு உக்காந்து கணக்கு போட்டப்பதான் நம்ம வீட்ல கரண்ட் எங்க போகுதுன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் பண்ணினதை அப்படியே எழுதுறேன், உங்க வீட்டுக்கும் அதே மாதிரி பண்ணிப் பாக்கலாம்.

மொதல்ல யூனிட்னா என்னன்னு ஒரே வரியில பாத்துடலாம். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். 100 வாட் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். நம்ம எல்லாரும் வாட்டை மட்டும் பாத்து பயப்படுறோம், நேரத்தை யாரும் பாக்கிறதில்ல. மிக்ஸி 750 வாட், சட்னி அரைக்க பொடி திரிக்கன்னு ஒரு நாளைக்கு மொத்தமா பத்து நிமிஷம் ஓடுமா, 0.125 யூனிட். சத்தம் போடுறதால நிறைய தின்னுற மாதிரி தெரியுது, அவ்ளோதான். கிரைண்டர் 150 வாட்டு, முக்கால் மணி நேரம் மாவாட்டினாலும் 0.11. ஆனா ஹால்ல சத்தமே இல்லாம 75 வாட்ல சுத்துற சாதா ஃபேன் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடினா 1.35 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 81. அத்தைகிட்ட இந்தக் கணக்கை நான் சொல்லல, சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது.

சரி, மீட்டருக்கு வருவோம். இப்ப இருக்கிற டிஜிட்டல் மீட்டர்ல திரை மாறி மாறி நாலஞ்சு நம்பர் காட்டும், தேதி, நேரம், வோல்டேஜ்னு ஓடிட்டே இருக்கும், அதுல கேடபிள்யூஎச் (kWh)னு போட்டு வர்ற நம்பர்தான் ரீடிங். தினமும் ஒரே நேரத்துல, நான் காலைல பால் வாங்க கீழ இறங்கும்போது பாத்துட்டு வந்து காலண்டர்ல பால் கணக்குக்குப் பக்கத்துலயே எழுதிடுவேன். ஒரு வாரம் எழுதினாலே போதும், உங்க வீடு ஒரு நாளைக்கு எவ்ளோ எடுக்குதுன்னு தெரிஞ்சிடும். துணி தேய்ச்ச நாள், சொந்தக்காரங்க வந்த நாள், எல்லாரும் வெளியூர் போன நாள் இதெல்லாம் பக்கத்துல ஒரு வார்த்தை குறிச்சு வைங்க. யாருமே இல்லாத நாள்ல ஓடின யூனிட்தான் ரொம்ப முக்கியம், அது உங்க வீடு சும்மா கிடந்தாலே கட்ட வேண்டிய காசு.

இன்னொரு வித்தை இருக்கு. மீட்டர்ல ஒரு சிவப்பு லைட்டு மினுக் மினுக்னு அடிக்கும்ல, அதுக்குப் பக்கத்துல 3200 இம்ப்னோ 1600 இம்ப்னோ அச்சடிச்சிருப்பாங்க. 3200னா 3200 தடவை மினுக்கினா ஒரு யூனிட்னு அர்த்தம். ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் எடுத்து ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் எத்தனை செகண்ட்னு பாருங்க. 36 லட்சத்தை அந்த 3200-ஆலயும் செகண்டாலயும் வகுத்தா வர்றதுதான் இந்த நிமிஷம் உங்க வீடு இழுக்கிற வாட். பத்து செகண்டுக்கு ஒரு தடவைன்னா 112 வாட். ஒரு சாமானைப் போடாம ஒரு தடவை, போட்டு ஒரு தடவை பாத்தா அது எவ்ளோ எடுக்குதுன்னு வந்துடும், கடைக்காரர் சொல்றதையும் டப்பால போட்டிருக்கிறதையும் நம்ப வேண்டாம். நான் மோட்டாரை இப்படித்தான் பிடிச்சேன், ஒரு ஹெச்பின்னா 746 வாட்னு படிச்சிருக்கோம்ல, அது மோட்டார் வெளிய தள்ளுற வேலை, லைன்லருந்து இழுக்கிறது ஒரு கிலோவாட்டுக்குக் கிட்ட.

அடுத்து எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்க, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்குங்க, அப்புறம் போய் லைட்டைப் பாருங்க. மினுக்கக் கூடாது. மினுக்குச்சுன்னா செட்டாப் பாக்ஸ், வைஃபை டப்பா, இன்வெர்ட்டர், ரிமோட்ல மட்டும் அணைச்ச ஏசி டிவி இதுல ஏதோ ஒண்ணு முழிச்சிருக்கு. வைஃபை டப்பா 10 வாட்டுதான், ஆனா 24 மணி நேரமும் ஓடுறதால ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட். அதை அணைங்கன்னு சொல்ல மாட்டேன், எங்க வீட்ல அதை அணைச்சா கலவரம் ஆயிடும், ஆனா யாரும் பாக்காத ரூம்ல முழிச்சிட்டிருக்கிற ரெண்டாவது செட்டாப் பாக்ஸை அணைக்கலாம். மெயினையே இறக்கினதுக்கு அப்புறமும் மீட்டர் மினுக்குச்சுன்னா வயர்மேனைக் கூப்பிடுங்க, அது நம்ம பாக்கிற விஷயம் இல்ல.

இப்ப எங்க வீட்டு 290 எங்க போச்சுன்னு சொல்றேன். ஒரு நாளைக்கு அஞ்சு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அதுல மூணு ஃபேன் சேந்து 34 மணி நேரம், 2.55 யூனிட். பாதிக்கு மேல ஃபேனே! ஃபிரிட்ஜ் 0.7 கிட்ட, மோட்டார் அரை யூனிட், டிவி 0.3, லைட் எல்லாம் சேத்து 0.3 தான், ஏன்னா எல்லாமே எல்இடி. பழைய சோக்கு வச்ச 40 வாட் டியூப்லைட் இன்னும் வச்சிருக்கிற வீடுன்னா அந்த சோக்கு தனியா பத்து வாட்டுக்கு மேல திங்கும், 20 வாட் எல்இடி பட்டைய மாட்டிட்டு அந்த விஷயத்தை மறந்துடுங்க. லைட்டை அணை லைட்டை அணைன்னு பிள்ளைங்களைத் திட்டுறது குண்டு பல்பு காலத்துப் பழக்கம். 60 வாட் போன இடத்துல இப்ப 9 வாட் போகுது, திட்டணும்னா ஃபேனுக்குத் திட்டுங்க.

அப்ப கோடையில கூடுதலா வந்த 246 யூனிட்? ஏசி. எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணரை டன், பெட்ரூம்ல மட்டும், ராத்திரி ஆறு மணி நேரம். ஏசி மேல ஒட்டியிருக்கிற ஸ்டார் ஸ்டிக்கரைக் கிழிச்சுடாதீங்க, அதுல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு ஒரு நம்பர் இருக்கும், அது வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடுறதா வச்சுப் போட்ட கணக்கு. அந்த நம்பரை 1600-ஆல வகுத்தா மணிக்கு எவ்ளோன்னு கிடைக்கும். எங்களுது 0.6 வந்துச்சு, ஆறு மணி நேரம் 60 நாள், 216 யூனிட். மிச்சம் 30 ஃபேன் அதிகமா ஓடினது, ஃபிரிட்ஜ் வெயில்ல கஷ்டப்பட்டது. ஸ்டிக்கர்ல ஸ்டாரை மட்டும் பாக்காதீங்க, எந்த வருஷத்து ஸ்டார்னும் பாருங்க. 2022 ஜூலையில ஏசிக்கு அளவுகோலை இறுக்கினாங்க, அதுக்கு முன்னாடி 5 ஸ்டாரா இருந்தது அதுக்கப்புறம் 4 ஸ்டாராயிடுச்சு, அதனால பழைய ஸ்டாக்கை "5 ஸ்டார் மேடம்"னு தள்ளிவிட்டா அந்த வகுத்தலை கடையிலயே நின்னு போட்டுப் பாருங்க.

ஏசி இல்லாம ஏன் இருக்க முடியலன்னு கேட்டா அதுக்குக் காரணம் வீடு. நாங்க இருக்கிறது திருச்சியில மாடி வீட்ல, எங்களுக்கு மேல மொட்டை மாடிதான், பெட்ரூம் சுவரு மேற்கு பாத்தது. கீழ ஓனர் அண்ணன் வீட்ல அதே அளவு ரூம், அவங்க ஏசியே வாங்கல. அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் வாங்கின வெயிலை காங்கிரீட் தளம் வச்சிருந்து ராத்திரி பூரா உள்ள இறக்கும், பதினோரு மணிக்குக் கட்டில் மேல ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்க, கொதிக்கும். ஃபேன் அந்த அனலைத்தான் கீழ தள்ளுது. அந்தக் காலத்து வீடுங்கள்ல மொட்டை மாடியில தட்டோடு பதிச்சது சும்மா அழகுக்கு இல்ல. வாடகை வீட்ல தட்டோடு பதிக்க முடியாது, ஆனா பங்குனி கடைசியில சுண்ணாம்பு அடிக்கலாம், வெள்ளையா இருந்தாலே வெயில்ல பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். ஓனர் அண்ணன்கிட்ட கேட்டேன், சுண்ணாம்பு அவரு வாங்கித் தந்தாரு, அடிச்சது வீட்டுக்காரர். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமா பச்சை நெட் கட்டினோம், வெளிப்பக்கம்னு சொல்றதைக் கவனிங்க, உள்ள திரை போட்டா வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துட்டதுதான், வெளிய தடுத்தாத்தான் வராம இருக்கும்.

ஏசி செட்டிங்குக்கு ரொம்ப எழுதல. 2020 ஜனவரியிலருந்து புது ஏசி எல்லாம் ஆன் பண்ணினதும் 24 டிகிரியில நிக்கிற மாதிரி வச்சுட்டாங்க, ஒரு டிகிரி ஏத்தினா ஆறு சதவீதம் மிச்சம்னு, இந்த ஸ்டார் ஸ்டிக்கர் கொடுக்கிற அரசாங்க அமைப்பான பிஇஇ சொல்லுது. நாங்க 26 வச்சு ஃபேனையும் ஒண்ணுல போட்டுப்போம், ராத்திரி ரெண்டு மணிக்கு அணையுற மாதிரி டைமர். ஃபில்டரை மாசத்துக்கு ரெண்டு தடவை குழாயடியில கழுவுங்க.

ஆளுங்க எண்ணிக்கையும் ஒரு விஷயம்தான், ஆனா நினைக்கிற மாதிரி இல்ல. நாலு பேரு ஹால்ல ஒரே ஃபேனுக்குக் கீழ படுத்தா ஒரு ஃபேன், நாலு பேரும் நாலு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டா நாலு ஃபேன், நாலு லைட், நாலு சார்ஜர். ஃபிரிட்ஜ் ஒருத்தருக்குன்னாலும் ஆறு பேருக்குன்னாலும் ஒண்ணுதான் ஓடும். அதைவிட பகல்ல யாரு வீட்ல இருக்காங்கங்கிறதுதான் பெருசு. நான் வீட்லருந்து வேலை பாக்க ஆரம்பிச்சப்ப ஏறுச்சு, போன வருஷம் அத்தை எங்ககூடவே வந்துட்டாங்க, அப்ப இன்னும் ஏறுச்சு, அவங்க சாப்பிடுற சாப்பாட்டை யாரு கணக்கு பாக்கிறா, அது மாதிரிதான் இதுவும்.

மோட்டார் விஷயத்துல ஒரே ஒரு சோதனை. ராத்திரி டேங்கை ரொப்பிட்டு காலைல யாரும் குழாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மேல ஏறிப் பாருங்க. தண்ணி இறங்கியிருந்தா எங்கயோ ஒழுகுது, முக்காவாசி நேரம் அது ஃபிளஷ் டேங்க் வாஷர்தான். அந்த வாஷர் ஒழுகுறதுக்கு நீங்க கரண்ட் பில் கட்டிட்டிருக்கீங்க.

ஃபிரிட்ஜை சுவரோட ஒட்டி வைக்காதீங்க, கதவு ரப்பர்ல ஒரு பத்து ரூபா நோட்டை வச்சு மூடிட்டு இழுங்க, வழுக்கிட்டு வந்தா ரப்பர் போச்சு. ஹீட்டர் எங்க ஊர்ல மார்கழி தையில மட்டும்தான், ஒரு வாளி வெந்நிக்கு அரை யூனிட்டுக்கு மேல ஆகாது, காலைல போட்ட சுவிட்சை மறந்துட்டு சாயங்காலம் பாக்கிறதுதான் பிரச்சனை.

இப்ப காசுக் கணக்குக்கு வருவோம், இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறது. நம்ம தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லு, முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் ஃப்ரீ, 2016-லருந்து. அதுக்கு மேல படிப்படியா ஏறும். நான் 2022 செப்டம்பர் 10-ல வந்த ரேட்டை வச்சே கணக்கு சொல்றேன், என்னோட அந்த ரெண்டு பில்லும் அதே ரேட்தான், அதுக்கப்புறம் 2024 ஜூலையில கொஞ்சம் ஏத்திட்டாங்க, ஆனா அப்பவும் படிக்கட்டு அமைப்பு மாறல. 500-க்குள்ள இருந்தா 101-லருந்து 200 வரைக்கும் 2.25, 201-லருந்து 400 வரைக்கும் 4.50, 401-லருந்து 500 வரைக்கும் 6 ரூபா. 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.25 படியே காணாமப் போயிடும், 101-லருந்தே 4.50, 401-லருந்து 500 வரைக்கும் அதே 6, 500-க்கு மேல 8, 600-க்கு மேல 9, 800-க்கு மேல 10, ஆயிரத்துக்கு மேல 11. அப்ப சரியா 500 யூனிட்டுக்கு 1725 ரூபா, 501-க்கு 1958. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 233 ரூபா!

எங்க 536 அப்படித்தான் 2238 ஆச்சு. 38 யூனிட் கம்மி பண்ணி 498-ல நின்னிருந்தா 1713, 525 ரூபா மிச்சமாயிருக்கும்.

இதுலருந்து இன்னொண்ணு புரியும். நம்ம மிச்சம் பிடிக்கிற யூனிட் எப்பவும் மேல் படியிலருந்துதான் கழியும், கீழ இருக்கிற ஃப்ரீ யூனிட்லருந்து இல்ல. அதனால ஒரே சாமான் ஒரு வீட்டுக்கு லாபம், இன்னொரு வீட்டுக்கு தண்டம். பிஎல்டிசின்னு புது மாதிரி மோட்டார் வச்சு வர்ற ஃபேன் 30 வாட் சொச்சம்தான், சாதா ஃபேனைவிட 45 வாட் கம்மி. நாங்க ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் ரெண்டு மாட்டினோம், ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. ரெண்டு ஃபேனும் சேந்து ஒரு நாளைக்கு 26 மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 70 யூனிட் மிச்சம். 290 வந்த பில்லு 220 ஆனா மிச்சம் 315 ரூபா. அதே 70 யூனிட் கோடையில 536-ஐ 466 ஆக்கும்போது மிச்சம் 717 ரூபா. வருஷம் பூரா கூட்டிப் பாத்தா ரெண்டரை வருஷத்துக்குள்ள போட்ட காசு வந்துடுது. ஆனா எங்க பெரியம்மா லால்குடி பக்கம் தனியா இருக்காங்க, அவங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 80 யூனிட், பில்லு பூஜ்யம். "நானும் அந்த ஃபேன் மாட்டட்டுமா"ன்னு கேட்டாங்க, வேண்டாம் பெரியம்மா, உங்களுக்கு அதுல ஒத்தப் பைசா மிச்சமில்ல, அந்தக் காசுக்கு மூட்டு வலித் தைலம் வாங்குங்கன்னேன். ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு ஒரே ரேட்ல வாங்குற வீட்ல இருக்கீங்கன்னா இந்தப் படிக்கட்டு எதுவுமே உங்களுக்குக் கிடையாது, உங்களுக்கு முதல் யூனிட்லருந்தே மிச்சம் பிடிக்கிறது லாபம்.

சாதா ஃபேனே இருக்கட்டும்னா ரெகுலேட்டரைப் பாருங்க. பெட்டி மாதிரி பெருசா, தொட்டா சூடா இருக்கிற பழைய ரெகுலேட்டர்ல ஃபேனை மெதுவா ஓட்டினாலும் பெருசா மிச்சமாகாது, மிச்சமாக வேண்டியதை அந்தப் பெட்டி சூடாக்கி வீணாக்கிடும். சுவிட்ச் சைஸ்ல இருக்கிற எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாத்திட்டா வேகத்தைக் குறைச்சா கரண்டும் குறையும்.

கடைசியா தேதி விஷயம். போன பில்லுல ரீடிங் எடுத்த தேதியும் நம்பரும் இருக்கும். அதுலருந்து 45-வது நாள் மீட்டரைப் பாருங்க, ஓடின யூனிட்டை 45-ஆல வகுத்து 60-ஆல பெருக்குங்க, பில்லு எங்க போய் நிக்கும்னு தெரிஞ்சிடும். 430 வந்தா நிம்மதியா இருங்க. 650 வந்தா 500-க்காக இனிமே மெனக்கெட்டு பிரயோஜனமில்ல, ஆனா குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் அந்த 2022 ரேட்லயே 9 ரூபான்னு ஞாபகம் வச்சுக்குங்க. 480-க்கும் 530-க்கும் நடுவுல வந்தாதான் உக்காந்து யோசிக்கணும், ஏசியை ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம் குறைச்சா 15 நாள்ல 18 யூனிட், இஸ்திரியை ரீடிங் எடுத்ததுக்கு அப்புறம் வச்சுக்கிட்டா இன்னொரு அஞ்சாறு. ரீடிங் எடுக்க ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளி வந்தாலும் தாங்குற மாதிரி பத்து யூனிட் இடம் விட்டு வைங்க. அன்னைக்கு மீட்டரை தேதியோட ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிறதும் நல்லது.

இந்தக் கோடையில எனக்கு 45-வது நாள் 372 இருந்துச்சு, கணக்கு போட்டா 496. டைமரை ரெண்டு மணிக்கு பதிலா ஒரு மணிக்கு வச்சேன், யாருகிட்டயும் சொல்லல. ரீடிங் எடுக்க 61-வது நாள் காலைல வந்தாங்க, 491. அத்தை மட்டும் "இப்பல்லாம் விடியக்காலம் கொஞ்சம் புழுக்கமா இருக்குல்ல"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.